எவ்வளவு மெதுவாகப் போகும்? முதல் ராக் கிராலர் வாங்குபவர்களுக்கு

ரிமோட் கார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அபார்ட்மென்ட் லிஃப்டில் இறங்கினால், கூட வரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான். "அங்கிள், இது எவ்வளவு ஸ்பீடு போகும்?" நாம நடக்கிற வேகம்தான்டா என்று சொன்னால் முகம் வாடிவிடும். கீழே போய், பூச்செடிகளுக்கு நடுவில் அழகுக்காகப் போட்டிருக்கும் கருங்கல்லின் மேல் அந்த வண்டி ஒவ்வொரு சக்கரமாகத் தொற்றி ஏறுவதைப் பார்த்ததும், அதே பிள்ளைகள் "ஒரே ஒரு தடவை குடுங்க அங்கிள்" என்று சுற்றி நிற்பார்கள்.

ராக் கிராலர் என்பது அந்த வகை வண்டி. பாறை, கல், மரவேர், மண்மேடு என்று எது குறுக்கே வந்தாலும் ஊர்ந்து ஏறுவதற்காகவே செய்யப்பட்ட ரிமோட் ஜீப். பந்தயத்துக்கான பகி, ட்ரிஃப்ட் கார் எல்லாம் ஓட்ட வேண்டுமென்றால் ஆள் நடமாட்டமில்லாத பெரிய மைதானம் வேண்டும். பெங்களூரில் அதற்கு எங்கே போவது? கிராலருக்கு நாலு கல் போதும். மழை நாளில் சோபா குஷனும் பழைய டெலிபோன் டைரக்டரியும் போதும். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் தலையை வேறு பக்கம் திருப்ப நினைப்பவர்களுக்கு இதைவிடத் தோதான ரிமோட் வண்டி கிடையாது என்பது என் கட்சி.

ஆனால் வாங்கப் போகும்போது நம் மனசு பழைய பழக்கத்தில் வேகத்தையும் பவரையும்தான் கேட்கும். கிராலரில் காசு போவது எதிர்த்திசையில். ரிமோட்டில் வேகம் கொடுக்கும் விசையான டிரிக்கரை நூலளவு இழுத்தால் சக்கரம் நூலளவு உருள வேண்டும்; விட்டால் சரிவிலும் அப்படியே நிற்க வேண்டும். சில்க் போர்டு சிக்னலில் ஹாஃப் கிளட்ச்சில் அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்தியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த நிதானம் எந்த வண்டியில் நன்றாக வருகிறதோ, அதுதான் நல்ல கிராலர்.

ஒரு கல்லில் ஏறும்போது என்ன நடக்கிறது

பெட்டிமேல் எழுதியிருக்கும் வார்த்தைகளைப் படிப்பதற்கு முன், ஒரு கிராலர் கல் ஏறுவதைத் தரையோடு தரையாகக் குனிந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். முன் இடது டயர் கல்லின் விளிம்பைத் தொடுகிறது. டயர் மெத்தென்று இருப்பதால் விளிம்பு அதற்குள் கொஞ்சம் பதிகிறது. பிடி கிடைத்ததும் சக்கரம் மேலே ஏறுகிறது; இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் தண்டான முன் ஆக்சில் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. வண்டியின் உடம்போ அவ்வளவு சாய்வதில்லை. வலது முன் சக்கரம் இன்னும் தரையில்தான் இருக்கிறது. பின் சக்கரங்கள் இரண்டும் தள்ளிக்கொண்டிருக்கின்றன. இன்னும் கொஞ்சம் ஏறியதும் இடது பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்கிறது. அந்தரத்தில் நிற்கும் அந்தச் சக்கரம் வெறுமனே சுழன்று சக்தியை வீணாக்குவதில்லை; மற்ற மூன்றும் சுற்றும் அதே வேகத்தில்தான் அதுவும் சுற்றுகிறது. மெதுவாக, ஒரு முனகலோடு, வண்டி மேலே போய்விடுகிறது.

இந்தச் சில நொடிகளுக்குள் கிராலரின் பொறியியல் முழுவதும் இருக்கிறது.

முதலில் கியர். நாம் ஓட்டும் காரில் டிஃபரன்ஷியல் என்று ஒன்று உண்டு. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற அது விடும். அதன் குறை என்னவென்றால், ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ மாட்டிக்கொண்டால் அது மட்டும் கிறுகிறுவென்று சுற்றும், பிடி உள்ள சக்கரம் சும்மா நிற்கும். கிராலர்களில் பெரும்பாலும் இதைப் பூட்டிவிடுவார்கள். ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுற்றும். அதனால் கல்லில் மூன்று சக்கரமோ இரண்டு சக்கரமோ பிடித்திருந்தால்கூட வண்டி நகரும். இதற்கு ஒரு விலையும் உண்டு. திரும்பும் வட்டம் பெரிதாகிவிடும். வழவழப்பான கிரானைட் தரையில் திரும்பும்போது டயர் தேய்ந்து சத்தம் போடும். வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்து கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்தது வேகக் குறைப்பு. சிறிய மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றக்கூடியது. அதைப் பல்சக்கரங்கள் வழியாக இறக்கி இறக்கி, மோட்டார் முப்பது நாற்பது சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்படி செய்கிறார்கள். வேகம் போகிறது, முறுக்கு வருகிறது. மோட்டார் விவரத்தில் 35 டி, 55 டி, 87 டி என்று போட்டிருப்பார்களே, அது உள்ளே கம்பி சுற்றியிருக்கும் எண்ணிக்கை. ஒரே அளவு மோட்டார்களுக்குள் எண் கூடக் கூட வேகம் குறையும், கட்டுப்பாடு கூடும். பந்தய வண்டிக்காரர்கள் சின்ன எண்ணைத் தேடுவார்கள். நாம் பெரிய எண்ணைத் தேட வேண்டும்.

உள்ளே உரசும் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார்தான் உசத்தி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேகத்துக்கு அது சரி. ஆனால் சென்சார் இல்லாத மலிவு பிரஷ்லெஸ் மோட்டார், மிக மெதுவாகக் கிளம்பும்போது திக்கித் திணறும். கிராலரில் அந்தத் திக்கல்தான் நம்மைக் கல்லிலிருந்து கீழே தள்ளும். பழைய பாணி பிரஷ் மோட்டார் விலையும் குறைவு, கிளம்பும்போது நிதானமாகவும் கிளம்பும். முதல் வண்டிக்கு அதுவே போதும்.

பிறகு எடை. கல்லில் ஏறும் வண்டி பின்பக்கமாக மல்லாந்து விழுவதற்குக் காரணம், எடை மேலேயும் பின்னாலேயும் இருப்பதுதான். நல்ல கிராலரில் பேட்டரியை முன்பக்கமாக, கூடிய மட்டும் தாழ்வாக வைத்திருப்பார்கள். மேலே கேரியர், அதில் பெட்ரோல் கேன், ஏணி, உருட்டி வைத்த கூடாரம் என்று பொம்மை அலங்காரத்தோடு வரும் வண்டிகள் போட்டோவில் அசத்தும். சரிவில் அந்த அலங்காரம்தான் முதலில் கவிழும். ஆனாலும் அதுதான் பிடித்திருக்கிறது என்றால் வாங்குங்கள், விளையாட்டுக்குத்தானே. ஏறும்போது மட்டும் கேரியரைக் கழற்றி வைத்துவிடலாம்.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். கெட்டியான பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் எத்தனை பெரிய பட்டன் இருந்தாலும் கல்லில் வழுக்கும்.

பொம்மையா, கிராலரா

பொம்மைக் கடைகளிலும் ஆன்லைனிலும் "ராக் கிராலர்" என்ற பெயரில் பெரிய சக்கரத்தோடு வரும் மலிவு வண்டிகள் நிறைய உண்டு. பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும். அவற்றில் பலவற்றில் டிரிக்கர் என்பது வெறும் சுவிட்ச்: அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிற்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. ஸ்டீரிங்கும் அப்படியே, முழு இடது அல்லது முழு வலது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது தாராளம். பெரியவர் ஒருவர் கல் ஏற்றி விளையாட அது உதவாது.

கடையில் நேரில் வாங்குவதாக இருந்தால் வெட்கப்படாமல் சில சோதனைகள் செய்யுங்கள். வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிரிக்கரை மெல்ல மெல்ல இழுக்கவும். சக்கரம் கடிகார முள் மாதிரி நகர ஆரம்பிக்கிறதா, இல்லை திடீரென்று துள்ளுகிறதா என்று கவனியுங்கள். அடுத்து, கடைக்காரரிடம் ஒரு பலகையோ அட்டைப்பெட்டி மூடியோ வாங்கி, சாய்த்துப் பிடித்து, வண்டியைப் பாதி ஏற்றி டிரிக்கரை விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் நின்றால் நல்லது. பின்னால் உருண்டால் அதில் டிராக் பிரேக் இல்லை என்று அர்த்தம். டிராக் பிரேக் என்பது டிரிக்கரை விட்டதும் மோட்டாரே பிரேக்காக மாறிப் பிடித்துக்கொள்வது. இறக்கத்தில் வண்டியை நம் கையில் வைத்திருப்பது அதுதான். கடைசியாக, வண்டி தரையில் நிற்கும்போதே ஸ்டீரிங்கைத் திருப்புங்கள். சக்கரம் முழுதாகத் திரும்பினால் ஸ்டீரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கு வலு இருக்கிறது. பாதியில் நின்று உறுமினால், கல்லிடுக்கில் மாட்டும்போது அது கைவிட்டுவிடும்.

இதையெல்லாம் செய்ய விடாத கடையில் வாங்க வேண்டாம். ஹாபி கடைக்காரர்களில் பலர் தாங்களே வண்டி ஓட்டுபவர்கள், நாம் கேட்பதற்கு முன்பே பெட்டியைப் பிரித்துவிடுவார்கள்.

ஆன்லைனில் வாங்கினால் சோதிக்க முடியாது. அப்போது ஒரே கேள்வி: இதற்கு ஸ்பேர் தனியாகக் கிடைக்குமா? ஆக்சில் ஷாஃப்ட், கியர், சர்வோ, டயர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விற்கிறார்கள் என்றால் அது ஹாபி தர வண்டி. முழு வண்டி மட்டும்தான் கிடைக்கும் என்றால், ஒரு பல் உடைந்த அன்றைக்கே அது ஷோகேஸுக்குப் போய்விடும்.

"அண்ணா, இதுக்கு முன் ஆக்சில் கியர் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே கியர் கேக்கறீங்களே சார்" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து காட்டினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

எந்த அளவு வண்டி

1/10, 1/18, 1/24 என்று எழுதியிருப்பது அசல் வண்டியில் எத்தனையில் ஒரு பங்கு என்ற கணக்கு. 1/24 உள்ளங்கையில் அடங்கும். 1/18 ஷூ டப்பா பக்கம் வரும். 1/10 நல்ல கனமான வண்டி. டயரே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் இருக்கும்.

பெரியது வாங்கினால் பெரிய சந்தோஷம் என்று தோன்றும். இங்கே நான் ஒரு விஷயத்தை அழுத்தியே சொல்வேன்: வண்டியின் அளவை உங்கள் பர்ஸ் தீர்மானிக்க வேண்டாம், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கல் தீர்மானிக்கட்டும். நாலு சக்கரமும் பூட்டிய கிராலர் ஏறத்தாழத் தன் டயர் உயரத்துக்குச் சமமான தடையை முயன்று ஏறும். 1/24 வண்டியின் டயர் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். அதற்கு இரண்டு தடிப் புத்தகமே மலை. அல்சூரிலோ மர்ஃபி டவுனிலோ இரண்டு பெட்ரூம் வீட்டில் இருப்பவர் ஹாலிலேயே முழுத் தடப்பாதை அமைத்துவிடலாம். 1/10 வண்டிக்கு அதே புத்தகம் ஒரு பொருட்டே இல்லை. ஃபுட்பால் அளவுக் கற்கள் குவிந்த இடம் இருந்தால்தான் அதற்கு வேலை. அப்படிப்பட்ட இடம் தேடி ஞாயிற்றுக்கிழமை காரில் கிளம்ப வேண்டும் என்றால், மூன்றாவது வாரம் வண்டி பரணுக்குப் போய்விடும். வாசலில் இறங்கினாலே ஓட்டலாம் என்ற வண்டிதான் தினமும் ஓடும்.

1/18 இந்த இரண்டுக்கும் நடுவில். அபார்ட்மென்ட் தோட்டத்துக் கல், பார்க்கில் மரவேர், ஏரிக்கரைச் சரிவு எல்லாவற்றுக்கும் தாங்கும். முதுகுப் பையிலும் அடங்கிவிடும்.

பெயர் சொல்லியே பேசலாம்

1/24இல் எல்லோரும் முதலில் சொல்வது ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24. இதற்கு வெளியில் கிடைக்கும் உதிரி பாகங்களுக்குக் கணக்கே இல்லை. பித்தளை ஆக்சில் மூடியிலிருந்து டயர் வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். குறை என்று சொன்னால், வெளியில் இலையும் மண்ணும் இருந்தால் அந்தக் குட்டி ஷாஃப்ட்டில் முடியும் நாரும் சுற்றிக்கொள்ளும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். இதே அளவில் எஃப்எம்எஸ் நிறுவனத்தின் எஃப்சிஎக்ஸ்24 இருக்கிறது. ரிமோட்டிலிருந்தே மாற்றக்கூடிய இரண்டு கியர், போர்ட்டல் ஆக்சில் இரண்டும் அதில் உண்டு. போர்ட்டல் ஆக்சில் என்றால், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி கியர் வைத்து ஆக்சிலையே சக்கர மையத்துக்கு மேலே தூக்கிவிடுவது. அடிவயிறு கல்லில் இடிக்காது.

1/18இல் டிராக்சஸ் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ்-4எம். மின் பாகங்கள் தண்ணீர் புகாதவை. பேட்டரியும் சார்ஜரும் பெட்டியிலேயே வந்துவிடும். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்தால் வெளியில் ஓட்ட நினைப்பவருக்கு நான் இதைச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: இதிலும் எஸ்சிஎக்ஸ்24இலும் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் ஒன்றாகவே இருக்கும். ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

இந்த விலையெல்லாம் ஒத்துவராது என்பவர்களுக்கு டபிள்யூபிஎல் நிறுவனத்தின் சி24, எம்என் நிறுவனத்தின் டி90 போன்ற சீன வண்டிகள். மேலே சொன்ன பிராண்டு வண்டிகளோடு ஒப்பிட்டால் சொற்பக் காசு. டிரிக்கர் சுவிட்ச் மாதிரி இல்லாமல் படிப்படியாகவே வேலை செய்யும், ஸ்பேரும் கிடைக்கும். கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும், திருகாணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே ஒரு சுற்று இறுக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கு நமக்குப் பிடிக்குமா என்றே தெரியாதவருக்கு இது நேர்மையான தொடக்கம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, கழற்றி மாட்டியே பாதி கற்றுக்கொள்ளும்.

1/10இல் டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 2017இல் வந்தது. டிஃபரன்ஷியலை ரிமோட்டிலேயே பூட்டலாம், திறக்கலாம். இரண்டு வேக கியர், போர்ட்டல் ஆக்சில் என்று எல்லாம் உண்டு. ஆக்சியலின் எஸ்சிஎக்ஸ்10 வரிசையும் இதே அளவில் பேர் பெற்றது. அருமையான வண்டிகள்தான், ஆனால் இரண்டாவது வண்டியாக. இந்த அளவில் பேட்டரியும் சார்ஜரும் பெரும்பாலும் தனி என்பதைக் கவனிக்காமல் பட்ஜெட் போட்டுவிடுவார்கள். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு செலவு காத்திருக்கும்.

பாகம் பாகமாக வரும் கிட் வாங்கி நாமே சேர்க்கலாமா என்றால், சேர்ப்பதே பிடித்தவர்களுக்கு அது தனிச் சுகம். ஓட்ட வேண்டும் என்று கை அரிப்பவர்களுக்குப் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓடும் ஆர்டிஆர் வகைதான்.

பேட்டரியில் மட்டும் விளையாட வேண்டாம்

இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டிய இடம் இது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. 2 எஸ் என்றால் இரண்டு செல், 7.4 வோல்ட். 3 எஸ் என்றால் 11.1 வோல்ட். முதல் வண்டிக்கு 2 எஸ் போதும். 3 எஸ் போட்டால் வேகம்தான் கூடும், அது நமக்கு வேண்டாத சரக்கு. பேட்டரியின் கொள்ளளவை எம்ஏஎச் கணக்கில் சொல்வார்கள்; எஸ்சிஎக்ஸ்24உடன் வருவது 350 எம்ஏஎச், டிஆர்எக்ஸ்-4எம்முடன் வருவது 750 எம்ஏஎச். பார்க்கச் சின்னதாக இருந்தாலும், மெதுவாக ஓடும் வண்டி என்பதால் நிம்மதியாக ஒரு மாலைப் பொழுதின் விளையாட்டுக்கு வரும். இரண்டாவதாக ஒரு பேட்டரி வாங்கிக்கொள்வது, வேறு எந்த அப்கிரேடையும்விட உருப்படியான செலவு.

ஒரு லிப்போ செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுப்போகும். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட் பக்கம் வைத்து எடுத்து வைக்க வேண்டும். முழுதாக ஏற்றி அலமாரியில் போட்டால் சில மாதத்தில் வயிறு உப்பிவிடும். உப்பிய பேட்டரியை அமுக்கிப் பார்ப்பது, குத்துவது, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று சார்ஜ் போடுவது எதுவும் கூடாது. குப்பையில் போடவும் கூடாது. மின்கழிவு வாங்குபவர்களிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். சார்ஜ் போடும்போது வெறும் கிரானைட் தரையில் வையுங்கள், கட்டில் மெத்தையில் வேண்டாம். கண்பார்வையில் இருக்கட்டும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போவது செல்போனோடு சரி, இதில் வேண்டாம்.

பெட்டியோடு வரும் யூஎஸ்பி சார்ஜர் மெதுவாக ஏற்றும், ஆனால் பழுதில்லை. வோல்ட்டேஜ் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடினால் கிடைக்கும். அங்கே போகும்போதே 1.5 மி.மீ., 2 மி.மீ. ஹெக்ஸ் டிரைவரும் வாங்கி வந்துவிடுங்கள். எல்-கீ வைத்து மல்லுக்கட்டினால் திருகாணித் தலை வழிந்துவிடும்.

அப்கிரேட் ஆசை

ஓட்ட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அலுமினிய ஷாக், ஸ்டீல் கியர், எல்இடி விளக்கு, மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச் என்று கூடை நிரம்ப ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுங்கள். குறைந்த செலவில் நிஜமாகவே வித்தியாசம் தெரிவது இரண்டே விஷயம். ஒன்று, நல்ல மென்மையான டயர். இன்னொன்று, முன் ஆக்சிலிலோ முன் சக்கரத்துக்குள்ளோ பித்தளை எடை. எடையைக் கீழேயும் முன்னாலேயும் சேர்த்தால், முன்பு பின்பக்கமாக விழுந்த அதே கல்லில் வண்டி சாவகாசமாக ஏறும். சர்வோ வலு குறைவாகத் தோன்றினால் மூன்றாவதாக அது. விளக்கு எரிவதால் வண்டி ஏறாது. ஆனால் பவர்கட் சமயத்தில் ஹாலில் ஓட்ட விளக்கு நன்றாகத்தான் இருக்கும், அதை மறுப்பதற்கில்லை.

எங்கே ஓட்டுவது

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். ஊரே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. லால்பாகில் நாம் ஏறி நின்று ஊரைப் பார்க்கும் குன்று சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான பாறை. தேசியப் புவியியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதில் வண்டியை விட ஆசை வரும், விட வேண்டாம். சின்னம் என்பது ஒருபுறம், மாலை நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்கும் குடும்பங்களின் காலுக்கு நடுவில் ஓட்டுவது நன்றாகவும் இருக்காது. துரஹள்ளி பாறைகள் இதற்கு ஏற்ற இடம்தான், ஆனால் அது வனத்துறை நிலம். நேரம், அனுமதி எல்லாம் விசாரித்துவிட்டுப் போங்கள். ராமநகரத்தில் எங்கு திரும்பினாலும் பாறை. அதில் ராமதேவர பெட்டா என்ற குன்று பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பக்கம் வேண்டாம்.

உண்மையில் அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. அபார்ட்மென்ட் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, செடியை மிதிக்காமல் கல்மேல் மட்டும் ஓட்டினால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்தில் குவித்திருக்கும் சைஸ் கல் அருமையான மலை. மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு, வேலை முடிந்த பிறகு போங்கள். எம்-சாண்ட் குவியல் மட்டும் வேண்டாம். அந்தப் பொடி கியருக்குள் புகுந்தால் பல் தேய்வது தவிர வேறு வேலை நடக்காது.

காய்ந்த கருங்கல்லில் ரப்பர் ஒட்டிக்கொண்ட மாதிரி பிடிக்கும். மழை பெய்து பாசி படிந்தால் அதே கல் சோப்பாகிவிடும். நனைந்துவிட்டால், தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருந்தாலும் துடைத்துக் காயவைக்க வேண்டும். புகாது என்பது மின் பாகங்களுக்குத்தான், பேரிங்குக்கு இல்லை, அது துருப்பிடிக்கும். செம்மண் ஒட்டியிருந்தால் காய்ந்த பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

ஓட்டும்போது ஒரே ஒரு நுணுக்கம் சொல்கிறேன், மற்றது கை பழகினால் வந்துவிடும். வண்டி கல்லில் நின்றுவிட்டால் டிரிக்கரை இன்னும் அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். ஒரு சாண் பின்னால் எடுத்து, சக்கரத்தை இரண்டு விரல்கடை தள்ளி வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முன் டயரைக் கல்லின் உயரமான இடத்தில் ஏற்றிவிட்டால் அடிப்பக்கம் இடிக்காமல் மீதி வண்டி பின்னாலேயே வந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் அக்காவிடமோ மச்சானிடமோ வாங்கிவரச் சொல்வது நம் ஊர் வழக்கம். சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் வண்டியை எந்தப் பெட்டியில் வைத்தாலும், தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் பிரச்சினையில்லை. 750 எம்ஏஎச் பேட்டரி ஆறு வாட்-மணிகூட வராது. முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஸ்பேர் கியர் ஒரு ஜோடி, ஆக்சில் ஷாஃப்ட் ஒரு ஜோடி கூடவே எழுதிக் கொடுங்கள், இங்கே தேடி அலைவது மிச்சம்.